நூற்றுக்கு முப்பத்தொன்று

சித்திரையில் சூரியனில் பெரும்புயல் கிளம்பப்போகிறது என்று செய்தி வந்த அன்று மாலையே, ஸ்விஸ் என்க்ளேவ் குடியிருப்போர் நலச்சங்கம் அவசரமாகக் கூடி அதை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. தீர்மானத்தின் நகலை யாருக்கு அனுப்புவது என்பதில்தான் சற்றுக் குழப்பம். கடைசியில் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி வைத்தார்கள்.

கோயம்புத்தூரில் மருதமலைக்குப் போகிற வழியில் இருக்கும் நூற்று நாற்பத்து நான்கு வீட்டு அடுக்ககம் அது. ஸ்விஸ் என்று ஏன் பெயர் என்று கேட்டால், மார்கழியில் நன்றாகக் குளிரும் என்பார்கள். அதன் தரைத்தளத்தில், கனடாவில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த வீட்டில், கனகராஜும் அவர் மனைவி சாந்தாமணியும் இருந்தார்கள். கனகராஜ் கணபதிப் பகுதியில் நாற்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியவர். சாந்தாமணி முப்பது வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். சுவாசித்த காற்றில் பாதி பஞ்சு. இப்போது அவருக்குக் காற்றைச் சலித்து, பிராணவாயுவை மட்டும் மூக்குக்கு அனுப்ப ஒரு மெஷின் இருக்கிறது. ராப்பகலாக ஓடுகிறது. அது ஓடினால் சாந்தாமணி பேசுவார். நின்றால் பத்து நிமிஷத்தில் உதடு நீலம் பாயும்.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் கேட்டார். "ஏனுங்க, புயல் அடிக்கறது சூரியன்ல. இங்க எதுக்குக் கரண்ட நிறுத்தறாங்க?"

"நம்ம லைன் கம்பியெல்லாம் நூறு மைலு எரநூறு மைலுன்னு நீளமாக் கெடக்குதல்ல? அந்தப் புயலு வந்து பட்டுதுன்னா கம்பில தானா கரண்டு ஏறும். டிரான்ஸ்பார்மர் பூராம் வெந்துரும். ஒண்ணு வெந்தாப் புதுசு வர ரெண்டு வருசமாகும். அதனால முன்னாடியே நாடு பூராம் கழட்டி வெச்சர்றாங்க. இருபத்தொரு நாள்."

"மாடில சோலார் இருக்குதே?"

"அது லைனோட கட்டுனது. லைன் படுத்தா அதுவும் படுத்துக்கும். டீசலு பூராம் ஆஸ்பத்திரிக்கு. வீட்ல மெஷின் இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரில எடமில்லீங்கறாங்க."

"அப்ப என்ற மெஷினு?"

நாற்பது வருஷ அனுபவத்தில், பதில் இல்லாதபோது எழுந்து போய் எதையாவது கழற்றிப் பார்ப்பது கனகராஜின் வழக்கம். அன்றைக்கு டேபிள் ஃபேனைக் கழற்றினார்.

சங்கத் தலைவர் பாலதண்டாயுதம் வேறு மாதிரி ஆள். பதில் அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். கேள்விகள்தான் அதற்குத் தோதாக வந்து சேர வேண்டும். ஒரே வாரத்தில் நூற்று நாற்பத்து நான்கு வீட்டுக்கும் ‘சுயசக்திப் பேழை’ வந்து இறங்கியது. உள்ளே கையால் சுற்றும் மிக்ஸி, பிடியைத் திருகினால் எரியும் விளக்கு, துணியைப் போட்டு உருட்டும் பீப்பாய், கையால் அடித்துத் தண்ணீர் ஏற்றும் சின்னப் பம்பு, ‘மேனுவல் ஏர் கூலர்’ ஒன்று. கடைசியாகச் சொன்னது பனையோலை விசிறி.

சனிக்கிழமைதோறும் ஒத்திகை நடந்தது. முதல் சனிக்கிழமை மூன்றாம் மாடி ஆடிட்டர் நாற்பது நிமிஷம் சுற்றித் தேங்காய்ச் சட்னி அரைத்து, அதைப் படமெடுத்துப் போட்டார். அறுபத்தெட்டு பேர் பாராட்டினார்கள். இரண்டாவது சனிக்கிழமை முதல் சட்னி நன்றாக வர ஆரம்பித்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை அரைக்கச் சொல்லிவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் வீட்டுக்காரர்கள் சுற்றிப் படமெடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான், மின்தடையைச் சமாளிக்க அரசாங்கம் அமைத்த முன்னேற்பாட்டு வாரியத்தின் படிவம் வந்தது. நாற்பது பக்கம். எல்லோரும் முதல் பக்கத்தைப் படித்தார்கள். வாரியத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார், எழுபத்தைந்துக்கு மேல் வாங்கினால் ‘தன்னிறைவு பெற்ற குடியிருப்பு’ என்று பித்தளைப் பலகை தருவார்கள் என்று அதில் இருந்தது. எதிர்த்தாற்போல் இருக்கும் வெனிஸ் கார்டன்ஸ் எண்பத்திரண்டு வாங்கிவிட்டது என்ற செய்தியும் கூடவே வந்தது.

மோட்டார் தகட்டில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பழகிய கனகராஜ், முப்பத்தெட்டாம் பக்கம் வரை படித்தார். படித்துவிட்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனார்.

"சார், இத ஒருக்காப் பாருங்க. எழுபத்தஞ்சுக்கு மேல வாங்குனா நமக்கு பேட்டரி வண்டி வராதுங்களாமா. நாப்பதுக்குக் கீழ இருந்து, நோயாளியும் இருந்தா, தினம் வந்து பேட்டரி மாத்திக் குடுப்பாங்களாமா. நடுவால இருக்கறவங்க வரிசைல நிக்கோணும்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நியாயந்தானுங்க? கையால எல்லாம் செஞ்சுக்கறவங்களுக்கு பேட்டரி எதுக்கு?"

"சாந்தாமணிக்கு வேணுமுங்க. அதனால நாம ஒரு முப்பது முப்பத்தஞ்சு மார்க் வாங்குனாப் போதும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பேசறீங்க கனகராஜ்? தோக்கறதுக்கா நூத்தி நாப்பத்திநாலு பேழை வாங்கினோம்? வெனிஸ்காரன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"நீங்க அந்தப் பக்கம் பாக்காம முழிக்கலாமுங்களே."

தலைவருக்கு நகைச்சுவை பிடிக்கும், தான் சொன்னால். எழுந்து இரண்டு நடை நடந்தார். "உங்க மெஷினுக்கு எவ்வளவு வேணும்?"

"முன்னூறு வாட்டுங்க. ஒரு ஆளு கையால சுத்துனா அம்பது வரும். ஆறு பேரு சேந்து சுத்தோணும். இருபத்திநாலு மணி நேரமும்."

"ஆறு இருபத்திநாலு..." தலைவர் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "நூத்தி நாப்பத்திநாலு! நம்ம வீடு நூத்தி நாப்பத்திநாலு! வீட்டுக்கு ஒரு மணி நேரம்! கனகராஜ், இது நம்மளுக்காகவே அமைஞ்ச கணக்கு!"

கணக்கு சரியாக இருந்ததுதான் கனகராஜுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பொதுக்குழு. கையால் சுற்றி இயக்கும் ஒலிபெருக்கியில்தான் தலைவர் பேசினார். மேடைக்குப் பின்னால் வாட்ச்மேன் சின்னராசு பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "எழுபத்திரண்டு வயதிலும் ஒரு மாத்திரை அறியாத இந்த உடம்பு" என்று தொடங்கி, "நம் சகோதரியின் ஒவ்வொரு மூச்சும் இனி நம் கைகளில்" என்பது வரைக்கும் குரல் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு சின்னராசுவுக்குக் கை ஓய்ந்ததால் தலைவரின் குரல் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று. உணர்ச்சியில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டியல் சுற்றி வந்தது. நூற்று நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நூற்று நாற்பத்து நான்காவது வீடு கனகராஜுடையது. அவரும் போட்டார், வேறு வழியில்லாமல்.

பழைய மின்ஸ்கூட்டர்களின் சக்கர மோட்டாரைக் கழற்றி, பிடி வைத்து, ஆறு சுற்றுப்பெட்டிகளைச் செய்து கொடுத்ததும் அவர்தான். செய்யும்போதே சாந்தாமணி சொன்னார். "இந்தாளுக ஒரு நாளைக்குச் சுத்துவாங்க. ரெண்டாம் நாள் வேலைக்காரியை அனுப்புவாங்க. மூணாம் நாள் அவளுக்கு பஸ் இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"கை சும்மா இருந்தாத் தப்புத் தப்பா யோசனை வருது."

சோதனை நாளன்று கிளப் ஹவுஸில் பந்தல். ‘மின்சாரமின்றி மூச்சு: நேரடிச் செயல்விளக்கம்’ என்று பதாகை. நடுவில் நாற்காலியில் சாந்தாமணி, மூக்கில் குழாயோடு. அவருக்கு மாலை போடலாம் என்று செயலாளர் சொன்னதை, பார்க்க வேறு மாதிரி இருக்கும் என்று தலைவரே தடுத்துவிட்டார். ஆறு பெட்டிகளில் ஆறு பெண்கள் சுற்ற, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மிக்ஸியில் இட்லிப்பொடி அரைபட்டது. ஒரு பக்கம் பீப்பாயில் துணி உருண்டது. பம்பில் தண்ணீர் ஏறியது.

வாரிய அதிகாரி வசுமதி, முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், அட்டையில் செருகிய படிவத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எண்பது தாண்டிவிட்டது என்று தலைவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கனகராஜ் அதிகாரியின் அருகில் போய் மெல்லச் சொன்னார்.

"மேடம், ஒரே ஒரு வார்த்தைங்க. சுத்தறவங்க எந்த வீடுன்னு கேட்டுப் பாருங்க."

வசுமதி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு முதல் பெட்டியில் இருந்தவளிடம் போனார். அவள் மயிலாத்தா. நாலு வீட்டில் வேலை செய்பவள். கனகராஜ் வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பாள்.

"நீங்க எந்த வீடுங்க?"

"கல்லுக்குழிங்க மேடம். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"நீங்க?"

"கல்லுக்குழிங்க."

ஆறு பேரும் கல்லுக்குழி. மிக்ஸியும் கல்லுக்குழி. பீப்பாயும் பம்பும் கல்லுக்குழி. தலைவர் இடையில் புகுந்து, "இவங்கெல்லாம் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரிங்க மேடம்" என்றார்.

"ரேஷன் கார்டுல பேரு இருக்குங்களா?"

தலைவர் சிரித்தார். வசுமதி சிரிக்கவில்லை. "இங்க குடியிருக்கறவங்க ஆறு பேரு வந்து உக்காருங்க, பாக்கலாம்" என்றார்.

தலைவரே முன்வந்து முதல் பெட்டியில் உட்கார்ந்தார். ஆடிட்டர், செயலாளர், இன்னும் மூன்று பேர். மூன்றாவது நிமிஷம் மெஷின் இருமியது. நான்காவது நிமிஷம் கீச்சென்று அபாய ஒலி எழுப்பியது. மயிலாத்தாவும் மற்றவர்களும் சொல்லாமலே ஓடிவந்து பிடியை வாங்கிக்கொண்டார்கள்.

நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஸ்விஸ் என்க்ளேவ் இரண்டு நாள் துக்கம் காத்தது. சதி என்றார் தலைவர். வெனிஸ் கார்டன்ஸ் கைக்கூலி என்றார் செயலாளர். கனகராஜுக்கு மட்டும் அந்த முப்பத்தொன்று, பெண் பத்தாவதில் பாஸான எண்ணைப் போல நெஞ்சில் தித்தித்தது.

சித்திரை பிறந்த வாரத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மின்விசிறி நின்றதும் ஊருக்குள் இத்தனை காக்கை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒத்திகை பார்த்த மிக்ஸிகள் இரண்டாம் நாளே பேழைக்குள் திரும்பின. சட்னி இல்லாமலும் இட்லி இறங்கும் என்று கண்டுபிடித்தார்கள். கையெழுத்துப் பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் மாலை நாலு மணிக்குப் பேட்டரி வண்டி வந்தது. சரியாக இருபத்து நான்கு மணி நேரத்துக்கான பேட்டரி. சாந்தாமணி பேசிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் மயிலாத்தா நடந்தே வந்தாள். வேலைக்கு அல்ல. இடுப்பில் ஒரு சில்வர் தூக்கு.

"எங்களுக்கு எண்பத்தொம்பது மார்க்குங்கண்ணா" என்றாள்.

"என்ன மார்க்கு?"

"அந்தம்மா இங்க போட்ட மார்க்குதான். சுத்தினவங்க கல்லுக்குழின்னு எழுதிட்டுப் போனாங்கல்ல, அதெல்லாம் எங்க ஊரு பேர்ல ஏறிருச்சு. ஆபீஸ்ல போய்க் கேட்டா, போட்ட மார்க்க அழிக்க முடியாது, எங்காச்சும் ஒரு ஊருல சேத்தியாகோணும்னு சொல்றாங்க. பித்தள போர்டு குடுத்தாங்க. நாங்களும் வெவரந் தெரியாம ரேஷன் கடைல மாட்டி, கற்பூரங் காட்டி, படமெல்லாம் எடுத்துட்டோம்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பறம் பாத்தா, தன்னிறைவுக்காரங்களுக்கு வண்டி இல்லீன்னுட்டாங்க. துணைச் சுகாதார நிலையத்துல ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்குது. பதினோரு பேருக்கு இன்சுலின் அதுலதான். வண்டி வரும்னு நம்பிட்டிருந்தோம். மண்பானைல மணலு போட்டு வெச்சுப் பாத்தோம். இந்த வெயிலுக்குப் பானையே கொதிக்குது. ரெண்டு பேரு மருந்துல ஒண்ணொண்ணு நெறம் மாறிப்போச்சு. மிச்சமெல்லாம் இந்தத் தூக்குல இருக்குது."

கனகராஜ் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்தார். கழற்றுவதற்கு எதுவும் கண்ணில் படவில்லை. திரும்ப உட்கார்ந்தார்.

"மயிலா, கேக்கச் சொன்னது நாந்தான்."

"தெரியுங்கண்ணா. அந்தம்மா காதுல நீங்க சொன்னப்ப, நான் பக்கத்துலதான சுத்திட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் கல்லுக்குழின்னு சொன்னியா?"

"வேற எந்த ஊரச் சொல்றதுங்க? நான் இருக்கறது அங்கதான?"

உள்ளே இருந்து சாந்தாமணியின் குரல் வந்தது. "அவகிட்ட நியாயம் பேசாதீங்க. தூக்கை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க."

"வெச்சா கரண்டு பத்தாது சாந்தா. இந்த ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குத் திங்கறது உன்ற மெஷினு நாலு மணி நேரம் ஓடற கரண்டு. மத்தியானம் பன்னண்டுக்கே பேட்டரி படுத்துரும். வண்டி வர்றதோ நாலு மணிக்கு."

"அந்த நாலு மணி நேரத்துக்கு ஆறு பேரு சுத்துனா?"

"இருபத்திநாலு ஆள். ஆளுக்கு ஒரு மணி நேரம்."

மயிலாத்தா விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு வீடு. வீட்டுக்கு ரெண்டு மணி நேரம் நாங்க வர்றோம். இருபத்திரெண்டாச்சு. மீதி ரெண்டு இங்கத்து ஆளுக பாத்துக்குங்க."

"ஒண்ணு நான்" என்றார் கனகராஜ்.

"இன்னொண்ணு?"

யோசித்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து இருந்தது. ஒரு கை கிடைக்கவில்லை. கடைசியில் வாட்ச்மேன் சின்னராசு ஒப்புக்கொண்டார். "மேடைக்கு சுத்தறதுக்கு இது தேவலைங்க. இதுல சத்தம் வராது" என்றார்.

கிளப் ஹவுஸில் தூசி படிந்துகொண்டிருந்த ஆறு பெட்டிகளும் கனகராஜின் கூடத்துக்கு வந்தன. பன்னிரண்டு மணிக்குக் கல்லுக்குழி ஆட்கள் வருவார்கள். சுற்றிக்கொண்டே ஊர் நியாயம் பேசுவார்கள். "ஏனுங்கக்கா, மூச்சு வருதுங்களா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் யாராவது கேட்பார்கள். "உன்ற பேச்சு நின்னா நல்லா வரும்" என்பார் சாந்தாமணி. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் பதினோரு டப்பா, ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டி.

ஏழாம் நாள் காலையில் கதவைத் தட்டாமல் பாலதண்டாயுதம் உள்ளே வந்தார். கையில் விபூதிப் பை மாதிரி ஒரு துணிப்பை. வெகுநேரம் மின்வாரியத்தைத் திட்டினார். அப்புறம் அரசாங்கத்தை. அப்புறம் சூரியனை. பிறகு பையை மேஜைமேல் வைத்தார்.

"இது எங்க சம்பந்தியோட பழைய டிரைவரோடது" என்றார். "ஊருக்குப் போயிட்டார். பாவம். ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓரமா..."

சாந்தாமணி பையைப் பிரித்துப் பார்த்தார். இன்சுலின் பேனா. பெட்டியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டிய சீட்டு. "டிரைவருக்கும் பாலதண்டாயுதம்னுதான் பேருங்களா?"

தலைவர் அந்தச் சீட்டின் மேல் விரலை வைத்து மறைத்தார்.

"பதினாறு வருஷமாச்சுங்கம்மா" என்றார் தலைவர் கடைசியில். குரல் மேடைக் குரலாக இல்லை. "சொல்லிக்கறதில்லை."

"வெச்சுட்டுப் போங்க. மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க."

"எதுக்குங்க?"

"சின்னராசுக்குக் கேட்டைப் பாக்க வேண்டாமா? அவர் எடத்துல நீங்க சுத்துங்க."

முதல் நாள் தலைவர் சுற்றிக்கொண்டே, மனித உழைப்பின் மகத்துவத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "நம் முன்னோர்கள்..." என்றவர் மூச்சு வாங்கி நிறுத்தினார். மறுபடியும் "நம் முன்..." என்றார். மயிலாத்தா பக்கத்துப் பெட்டியிலிருந்து, "அவிய சுத்தும்போது பேசியிருக்க மாட்டாங்கய்யா" என்றாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துணி கட்டிக்கொண்டு வந்தார். ஆனால் வந்தார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சின்னராசு மூச்சிரைக்க ஓடி வந்தார். "மார்க் போடற அம்மா சைக்கிள்ல வர்றாங்க! மறு சோதனையாமா!"

யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மார்க் ஏறினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் மூச்சும் மருந்தும் சேர்ந்து நிற்கும். ஆறு பிடிகளும் ஒரே நேரத்தில் நின்றன. மெஷின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பெட்டிகள்மேல் போர்வை விழுந்தது. ஆட்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

வசுமதி உள்ளே வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தார். "யாரெல்லாம் இது?"

தலைவருக்கு எப்போதும் பதில் தயார். "துக்கம் விசாரிக்க வந்தவங்க மேடம்."

"ஐயோ. யாருங்க தவறினது?"

கனகராஜ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "இன்னும்... முடிவு... பண்ணலீங்க."

வசுமதி படிவத்தைப் பிரித்தார். கேள்விகள் பத்து. கையால் மாவரைக்கிறீர்களா? இல்லை. கையால் துவைக்கிறீர்களா? அழுக்காகவே கட்டிக்கொள்கிறோம். பம்படிக்கிறீர்களா? தெரியாது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்தப் பத்துக்கும் அரை நாள் பேசியிருக்கக்கூடிய தலைவர், ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டே வந்தார். அவர் கண்ணும் சாந்தாமணியின் உதட்டில்தான் இருந்தது. ஐந்து நிமிஷம். ஆறு.

"மின்சாரம் கையால தயாரிக்கறீங்களா?"

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம்" என்றார் தலைவர். அவர் சொல்லி யாரும் கேட்டிராத வாக்கியம்.

வசுமதி நிமிர்ந்தார். "கை என்னங்க சார் கட்டுப் போட்டிருக்கு? ரெண்டு கையிலயும்?"

தலைவர் கைகளைப் பார்த்தார். பின்னால் மறைக்க நேரமில்லை. "கை தட்டித் தட்டி இப்படி ஆயிருச்சுங்க" என்றார். "சங்கத்துல கூட்டம் ஜாஸ்தி."

வசுமதி எழுதினார். பிறகு மெஷினைப் பார்த்தார். "இது ஏன் ஓடல?"

"பேட்டரி தீந்துருச்சுங்க" என்றார் கனகராஜ். "நாலு மணிக்குத்தான் வண்டி."

"அதுவரைக்கும்?"

சாந்தாமணி கண்ணை மூடியிருந்தார். உதட்டில் நாவற்பழம் தின்றது போல் நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. கனகராஜின் கை போர்வை ஒன்றின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவரே எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடுவார் என்று மயிலாத்தாவுக்குத் தெரிந்தது. அவளும் தடுப்பதாக இல்லை.

வசுமதி வேகமாகக் கடைசி வரியை எழுதி, சத்தமாகப் படித்தார். "திறன்: இல்லை. போன தடவை முப்பத்தொண்ணு. இப்ப இருபத்தாறு. வண்டி தொடரலாம்." பேனாவை மூடினார். ஆனால் எழுந்து போகவில்லை. தோள்பையிலிருந்து ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவோடது. கல்லுக்குழில சொன்னாங்க, இங்க ஒரு ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னு."

கனகராஜுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. "உங்க குவார்ட்டர்ஸுக்கு வண்டி வரலீங்களா?"

"எங்க குவார்ட்டர்ஸ் தொண்ணூத்தேழு மார்க்குங்க."

"அடேங்கப்பா. யாருங்க போட்டது?"

"நான்தான்."

அதற்குள் ஐந்து போர்வைகள் பறந்துவிட்டன. ஐந்து பேர் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். மெஷினின் விளக்கு மினுக்கியது. ஓடவில்லை. ஆறாவது பெட்டியை நோக்கித் தலைவர் கட்டுப்போட்ட கையோடு எழுந்தார். சாந்தாமணி கண்ணைத் திறந்து, அவரை உட்காரச் சொல்லிக் கையசைத்துவிட்டு, வசுமதியைப் பார்த்து, அந்தப் பெட்டியின் முன்னிருந்த ஸ்டூலைச் சுட்டிக் காட்டினார்.

வசுமதி டப்பாவைக் கனகராஜிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பிடியை இரண்டு கையாலும் பற்றி, முழு மூச்சோடு தப்புத் திசையில் சுற்ற ஆரம்பித்தார்.

"அப்படியில்லீங்க மேடம்" என்று மயிலாத்தா ஒரு கையால் தன் பிடியைச் சுற்றிக்கொண்டே, மறு கையை நீட்டி அவர் கையைப் பிடித்து, இந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.